மூன்றாவது நாவலின் ஐந்தாம் பாகம்

எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். கெட்ட பழக்கம்தான். ஆனால் முடிவு தெரியாமல் முந்நூறு பக்கம் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. சினிமாக் கொட்டகையில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "கடைசியில யார் சாவாங்க?" என்று கேட்டு வசை வாங்கியவள் நான். ஒரு இடத்தில் சும்மா உட்காரச் சொன்னால் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். கோபமோ மூக்கு நுனியில் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோது, இரும்புக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியில் நான் தமிழ் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். வீடு பொன்னேரியில். காலை பாசஞ்சரில் போவேன், மாலை பாசஞ்சரில் திரும்புவேன். வயது இருபத்து நான்கு. வீட்டில் என் ஜாதகம் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "கொஞ்சம் அடங்கி உக்காந்திருந்தா இன்னாவாம்?"

புத்தகம் படிக்கிறவர்களை ரயிலில் கண்டுபிடிப்பது சுலபம். சீட்டு கிடைக்காவிட்டால் கவலைப்பட மாட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். எங்கள் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர், கவரைப்பேட்டைக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தைக்கூட விடாமல் படிப்பார். கும்மிடிப்பூண்டி ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர், கவரைப்பேட்டைப் பக்கத்து ஆரணியிலிருந்து வருவார். அவர்தான் எங்களுக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் அப்படி. மூன்றாமவர் எளாவூர் செக்போஸ்டில் கிளார்க். லாரிக்கும் லாரிக்கும் இடையில் படிப்பதால் எந்தக் கதையையும் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார். பாதிப் பேச்சு தெலுங்கு.

நான்காமவள் ஒரு அக்கா. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குப்பத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நெடுஞ்சாலையோரம் இருந்த இறால் கம்பெனியில் இறால் உரித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. நான் படித்து முடித்த வாரப் பத்திரிகையை ஒருநாள் ரயிலில் கேட்டு வாங்கினாள். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது, "இந்த தொடர்கதைல அந்த பையன் போன வாரம் நீலச் சட்டதானே போட்டிருந்தான்? இந்த வாரம் வெள்ளன்னு எழுதிக்கிறாங்க" என்றாள். அவளை அன்றைக்கே எங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். அவளுடைய இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். புருஷன் இரண்டு தடவை ஒடித்த கை அது. இரண்டாம் தடவை கட்டுப் பிரித்த அன்றைக்கே அவள் படகேறி இந்தக் கரைக்கு வந்து, தனியாக ஒரு அறை பிடித்துவிட்டாள். இதையெல்லாம் அவள் பல் வலியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் எங்களிடம் சொன்னாள்.

சென்னையில் ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் ஒரு நாவலுக்குப் பரிசு கொடுத்துவந்தது. பரிசுக்கு முன்னால் ஐந்து நாவல்களின் பட்டியலைப் பேப்பரில் போடுவார்கள். வாசகர் வட்டங்கள் ஐந்தையும் படித்துத் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாம், நல்ல கடிதத்தை விழா மேடையில் வாசிப்போம் என்று அந்த வருஷம் அறிவித்தார்கள். டீச்சர் அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு வந்து எங்கள் மூக்குக்கு நேரே ஆட்டினார். "நாமளும் ஒரு வட்டம்தான். எழுதறோம்" என்றார்.

பட்டியலில் ஐந்து புத்தகம், கையில் ஆறு வாரம், காசு சேர்த்து வாங்கினாலும் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. ஒருவர் ஒன்றை முடிக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், ஐந்தும் எல்லோரிடமும் கை மாறி முடிவதற்குள் பொங்கல் வந்துவிடும். நான்தான் கத்தினேன், இதெல்லாம் நடக்காத காரியம் என்று. பிட்டர் யோசித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். உடைந்த ரம்பத்தைத் தீட்டி அவரே செய்தது.

"டீச்சர், இஞ்சின கழட்டாம ரிப்பேர் பண்ண முடியுமா? புக்க கழட்டிடலாம். ஆளுக்கு ஒரு பாகம். அப்பால நானே தெச்சு குடுக்கறேன்."

டீச்சர் கோழி அறுப்பதைப் பார்ப்பவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிட்டர் முதுகுத் தையலை அறுத்து முதல் நாவலை ஐந்து பாகமாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டு, பென்சிலால் எண் எழுதினோம். யாருக்கு எந்தப் பாகம் என்று அவருடைய டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டு எடுத்தோம். அந்த வாரம் முழுக்க அவரவர் பாகத்தைப் படிப்பது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் வடகோடிப் புங்கமரத்தடியில் கூடி, முதல் பாகம் படித்தவர் முதலில், ஐந்தாம் பாகம் கடைசியில் என்று வாயால் சொல்வது. நடுவில் பேசக் கூடாது. அடுத்தவர் பாகத்தைப் படிக்கக் கூடாது. ஐந்து நாவலும் முடிந்த பிறகு எல்லாப் பாகங்களையும் பிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் தைத்துக் கவரைப்பேட்டை வாசகசாலைக்குக் கொடுப்பார். ஆக, ஒரு நாவலில் ஐந்தில் ஒரு பங்கைக் கண்ணாலும் மீதியைக் காதாலும் படித்தவர்கள் நாங்கள். இப்படி யாராவது பரிசு நாவலைப் படித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாவல் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. செக்போஸ்ட்காரர் தன் பாகத்தை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "என் பாகத்துல மழ பேஞ்சுது நைனா, அவ்ளோதான்." இரண்டாவது நாவலில் பாத்திரங்கள் அதிகம். பிட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு கூழாங்கல்லை வைத்து விளக்கினார். நான் இரண்டு சனிக்கிழமையும் மரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். டீச்சர் இரண்டு முறை என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிட்டார்.

மூன்றாவது நாவலில் ஐந்தாம் பாகம் எனக்கு வந்தது. முடிவே கையில் வந்துவிட்டது. அன்றைக்கு ரயிலில் எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அது ஒரு பெண்ணின் கதை. அடிக்கிற புருஷனை விட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு கிளம்புகிறாள். பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைக்கிறது. தனியாக ஒரு அறை பிடிக்கிறாள். ஐந்தாம் பாகத்தில் அவன் அவளைத் தேடிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் கதவைத் திறக்கிறாள். அவன் காலில் விழுகிறாள். கண்ணீரால் அவன் பாதத்தைக் கழுவுகிறாள். எதிர் வீட்டில் யாரோ விளக்கேற்றுகிறார்கள். முற்றும்.

படித்த வேகத்தில் அதைச் சுவரில் விட்டெறிந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "பேய் கீய் புடிச்சிகிச்சா?" என்றாள். எடுத்துத் திரும்பவும் படித்தேன். மறுபடியும் காலில்தான் விழுந்தாள். நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸில் ஒரு கடிதத்தை மூன்று தடவை தப்பாக அடித்தேன். யாரோ ஒரு மனிதர் தன் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கழுத்தைப் பிடித்து வாசல்படிக்குத் தள்ளியதுபோல எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. டீச்சர் முதல் பாகத்தைப் பாடம்போலச் சொன்னார். அடுத்த இரண்டையும் பிட்டரும் செக்போஸ்ட்காரரும் சொன்னார்கள். நான்காம் பாகம் அக்காவுடையது. அந்தப் பெண் தன் அறைக்குத் தானே பூட்டு வாங்குகிற இடத்தை அவள் கையாலேயே காட்டினாள். பூட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை முந்தானையில் முடிந்து, மறுபடியும் இழுத்துப் பார்த்து. "மூணு தபா இழுத்து பாக்கறா. புக்குல ரெண்டுன்னுதான் இருக்குது. மூணு தபா பாப்பா, எனக்குத் தெரியும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தது என் முறை. நடந்துகொண்டேதான் சொன்னேன். அவன் வருகிறான், தெருவில் விசாரிக்கிறான், படியேறுகிறான், கதவைத் தட்டுகிறான். இதுவரை புத்தகத்தில் இருந்தது. அடுத்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கோபம் முந்திக்கொண்டது.

"அவ திறக்கல" என்றேன்.

அவ்வளவுதான், பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்காருகிறாள். அவன் கெஞ்சுகிறான், திட்டுகிறான், அழுகிறான். ஒவ்வொரு தட்டும் அவள் முதுகில் விழுகிறது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன் படியிறங்கிப் போகிற சத்தம். அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முற்றும்.

பிட்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். செக்போஸ்ட்காரர் "அடேங்கப்பா" என்றார். டீச்சரின் கண் கலங்கியிருந்தது, அதற்காக எங்கள்மீதே கோபப்படுபவர்போல மூக்கைச் சிந்திக்கொண்டார். அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"கதவ மூடிக்கினு குந்திகினா சரி. காலைல இன்னா பண்ணுவா?"

"கதை அங்கயே முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன், கொஞ்சம் எரிச்சலாக. என்னுடைய முடிவில் ஓட்டை கண்டுபிடிக்கிறாளே என்று இருந்தது. பாருங்கள், அதற்குள் அது என்னுடையதாகிவிட்டது. அன்று பொன்னேரி வரைக்கும் பெருமை தாங்காமல் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, நான்காவது நாவல் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அக்கா என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனாள். ஐஸில் ஊறி ஊறி அவள் விரல்கள் எப்போதும் குளிர்ந்தே இருக்கும்.

"அந்த அஞ்சாம் பாகத்த எனக்கு குடு. ஒரு நாளைக்கு போதும்."

"எதுக்குக்கா?"

"எங்க ஊட்ல பேசிக்கினு கீறாங்க. வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம அந்தாளு ஊட்டு ஆளுங்க வராங்களாம். என்ன திரும்ப அனுப்பறதுக்கு. எங்க பெரியண்ணன் படிச்சவங்க சொன்னா கேக்கும். பரிசுக்கு வந்த புக்கு, பெரிய பெரிய ஆளுங்க பாத்து எடுத்த புக்கு, அதுலயே இப்டிதான் எழுதிக்கிறாங்கன்னு படிச்சு காட்டப் போறேன்."

அந்தப் பாகம் அப்போது என் தோள் பைக்குள்தான் இருந்தது. "வீட்டில வச்சிட்டேன். அடுத்த வாரம் கொண்டு வரேன்" என்றேன்.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோபத்தில் சொன்ன கதையை அவள் கையில் பிடித்துக்கொண்டு ஏரியைத் தாண்டப் போகிறாள். புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு எதிராகவே அது சாட்சி சொல்லும். ஒருநாள் அந்தப் பாகத்தை அடுப்பில் போட்டுவிடலாம் என்று சமையலறை வரைக்கும் எடுத்துப்போனேன். இன்னொரு நாள் ஆபீஸ் மெஷினில் தாளைச் செருகி, நான் சொன்ன முடிவை அடிக்கக்கூட ஆரம்பித்தேன். நாலு வரி தாண்டவில்லை. அச்செழுத்துக்கும் டைப் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? சட்டையின் நிறத்தையே கண்டுபிடித்தவள். ரயிலில் அவளைப் பார்த்தால் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

ஐந்தாவது நாவல் முடிந்த சனிக்கிழமை ஓட்டெடுப்பு நடந்தது. நாலு பேரும் மூன்றாவது நாவல் என்று சொன்னார்கள். நான் மட்டும் மழை பெய்த நாவலுக்குக் கை தூக்கினேன். "உனக்கு எதுலதான் திருப்தி?" என்றார் டீச்சர். பிறகு கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எடுத்தேன். திங்கட்கிழமை ஆபீஸில் அடித்து, அடுத்த சனிக்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. "இந்நாவலின் மகுடம் அதன் இறுதிக் காட்சி. மூடிய கதவுக்குப் பின் அமர்ந்திருக்கும் அப்பெண் எங்கள் ஐவரையும் எழுந்து நிற்க வைத்தாள்" என்று டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என் பென்சில் முனை உடைந்தது.

கிளம்பும்போது அக்கா கையை நீட்டினாள். "எங்க?"

"மறந்துட்டேன்கா."

அவள் என் தோள் பையை ஒருமுறை பார்த்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம், ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு, வெயிலில் நெடுஞ்சாலையோரமாகவே நடந்து இறால் கம்பெனி வாசலுக்குப் போனேன். சாப்பாட்டு மணி அடித்து அக்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது என்னை இன்னும் கொன்றது. பையிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, காம்பவுண்டு சுவரோரம் நின்றபடியே படித்தாள். நான் கேட்டுக்கும் டீக்கடைக்கும் நடந்தேன். எட்டுத் தடவை நடந்திருப்பேன். அவள் அவசரமே படவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கப் படித்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். வெற்றுத் தாள்தான் இருந்தது.

"கால்ல உழுந்துட்டா" என்றாள்.

"ஆமாக்கா."

"நீ சொன்னது?"

"நானா சொன்னது."

"எதுக்கு?"

அறை விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோவம் வந்துச்சு. அவ கால்ல விழுந்ததச் சொல்ல வாய் வரல" என்றேன்.

"உன் கோவத்த நம்பிக்கினு நான் மூணு வாரமா தைரியமா கீறேன்" என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் இருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்தது. அக்கா அந்தப் பாகத்தை மடியில் செருகிக்கொண்டு கேட்டை நோக்கிப் போனாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"புக்கு சொல்லலன்னா போவுது. சொன்னது நீதானே? ஞாயித்துக்கெழம நீ வா. வந்து எங்க அண்ணன் எதிர்ல சொல்லு."

"நானா? அங்க நான் யாருக்கா?"

"அத கத வுடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்றாள். சாப்பிடாமலே உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ் சிநேகிதிக்கு வளைகாப்பு என்று அம்மாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டுப் பழவேற்காடு பஸ் ஏறினேன். பொய்க்குப் பொய் துணை. பஸ் முழுக்க மனசுக்குள் பேச்சைத் தயார் செய்தேன். பெண் கல்வி, காலம் மாறுகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்றெல்லாம். படகுத்துறையில் காத்திருந்த அக்கா, படகில் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஆடாமல் இருக்க முயன்றேன். படகு ஆடியது. "வாந்தி வந்தா அந்த பக்கம் எடு" என்றாள், அவ்வளவுதான் பேச்சு.

குப்பத்தில், கரையில் ஏற்றிவைத்திருந்த படகுகளின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியண்ணன் தலையில் துண்டு கட்டிய கனத்த மனிதர். "வாம்மா, குந்து" என்று மரியாதையாகத்தான் சொன்னார். எதிர்ப்பக்கம் புருஷன் வீட்டு ஆட்கள். புருஷனும் இருந்தான். ராட்சசனை எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஒல்லியாக, தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர்கள் பக்கத்துப் பெரியவர் பேசினார். குடித்தான், அடித்தான், தப்புதான், இப்போது திருந்திவிட்டான், பொம்பளை எத்தனை நாளைக்குத் தனியாக இருப்பாள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

எழுந்தேன். தயார் செய்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஒரு புத்தகம் படிச்சோம்" என்றேன். "பரிசுப் பட்டியல்ல வந்த புத்தகம். அதுல ஒரு பொம்பள இவங்க மாதிரியே வெளிய வரா. கடைசில அவன் கால்ல விழறா. அது பொய். அத சொல்லத்தான் வந்தேன்."

பெரியண்ணன் தாடையைச் சொறிந்தார். "பெரியவங்க எழுதி, பரிசுக்கு வந்த புக்கு பொய்யி. நீ சொல்றது நெஜமா?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் இடது கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் தடுக்கவில்லை.

"இந்தக் கைய பாருங்கண்ணா. எழுதினவரு இதப் பாத்ததில்ல. பாத்திருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டாரு. நீங்க பாத்திருக்கீங்க இல்ல?"

எதிர்ப்பக்கத்தில் ஒருவர், "இன்னாபா இது பேஜாரு, வெளியூர் பொண்ண இட்டாந்து நியாயம் கேக்கறீங்க" என்றார். புருஷன் தலை நிமிரவில்லை. பெரியண்ணன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். இரண்டு தடவையும் கட்டுப் போடக் கூட்டிப்போனவர் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

"எறா சீசன் முடியட்டும். அப்பால பாக்கலாம்" என்றார்.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்புகிற படகில், "முடிவா ஒண்ணு சொல்ல மாட்டாரா உங்க அண்ணன்?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் உடனே முடிவு வேணும்" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போனதும், "கதன்னா நல்லா வுடற. நெஜத்த சொல்ல சொன்னா ஒளர்ற" என்று சொல்லிச் சிரித்தாள். அன்று முதல்தடவையாகச் சிரித்தாள். இறால் சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் வந்தது. அந்தப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

மற்ற மூவரிடமும் குப்பத்துக்குப் போவதற்கு முந்தின நாள், கையெழுத்துப் போடக் கூடிய சனிக்கிழமையே உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாலு பேரோட ஓட்ட நீ திருடியிருக்க" என்றார் டீச்சர். நான் அடித்துக் கொண்டுபோன கடிதத்தை என் கண்ணெதிரே நாலாகக் கிழித்தார். செக்போஸ்ட்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்குப் போய்விட்டார். கடிதமே அனுப்ப வேண்டாம் என்றார் டீச்சர். பிட்டர்தான் விரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்:

"நாம பொய் எழுத தேவல டீச்சர். நாலாம் பாகம் வரைக்கும் இந்த நாவலுக்குத்தான் பரிசுன்னு எழுதுங்க. அஞ்சாம் பாகம் எங்களுக்கு ஒத்துக்கல, திருப்பி அனுப்பறோம்னு எழுதுங்க."

அப்படியேதான் எழுதினோம். டீச்சர் அதன்பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பரிசு அந்த மூன்றாவது நாவலுக்கே கிடைத்தது. குடும்பத்தின் பெருமையைக் காக்கும் அருமையான முடிவு என்று நடுவர்கள் பாராட்டியதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் கடிதத்தை எந்த மேடையிலும் யாரும் வாசிக்கவில்லை. நான் அந்தப் பேப்பரைக் கசக்கி ரயில் ஜன்னல் வழியாக ஆரணி ஆற்றில் எறிந்தேன்.

அடுத்த வருஷமே எனக்குக் கல்யாணம் ஆகி அரக்கோணம் பக்கம் போய்விட்டேன். நாலைந்து வருஷம் கழித்து, பிட்டர் மகளின் கல்யாணத்துக்குக் கவரைப்பேட்டை வந்தேன். அக்காவுக்கு அன்று ஷிப்ட் இருந்ததால் காலையிலேயே வந்து மொய் வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்கார முடியாமல் எழுந்து வாசகசாலைக்கு நடந்தேன். அந்த ஐந்து புத்தகங்களும் ஒரே வரிசையில் இருந்தன. பிட்டரின் தையல் அச்சகத் தையலைவிடக் கெட்டியாக இருந்தது. மூன்றாவதை எடுத்து, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

அந்தப் பாகம் அக்காவிடமிருந்துதான் பிட்டர் கைக்குப் போயிருந்தது. காலில் விழுகிற வரிகளை அவள் அடிக்கவில்லை. "முற்றும்" என்பதன்மேல் மட்டும் ஒரு கோடு. பின்பக்கத்து வெற்றுத் தாளில், பென்சிலால், கோணல் எழுத்தில் நான் புங்கமரத்தடியில் சொன்ன முடிவு அப்படியே இருந்தது. அவ தொறக்கல. கதவுல முதுக சாச்சிக்கினு குந்தினா. ஒவ்வொரு தட்டும் அவ முதுகுல உழுந்துச்சு. அவன் படியெறங்கி போற சத்தம் கேட்டுச்சு. நான் அத்தோடு நிறுத்தியிருந்தேன். அதற்குக் கீழே, நான் சொல்லாத ஒரு வரி இருந்தது.

"விடிஞ்சதும் அவளே கதவ தொறந்தா. எட்டு மணி ஷிப்டுக்கு போவணும்."